குருவி தலையில் பனங்காய்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

விளக்கைப் புகழ்ந்து எழுதாத ஆண்டு மலர் உண்டா? அறிவு விளக்கு, அன்பு விளக்கு, தமிழ் விளக்கு என்று எத்தனையோ விளக்குகளை நம் மலரின் பக்கங்கள் ஏற்றியிருக்கின்றன. நான் எழுத வந்திருப்பதோ செடிக்காக எரியும் விளக்கைப் பற்றி. அதிலும், அந்த விளக்கை ஏற்றி அணைக்கின்ற விசையைப் பற்றி. இலக்கியச் சுவையை எதிர்பார்த்துப் பக்கம் புரட்டும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இது ஓர் உயிர் பற்றிய செய்தியும் ஆகும் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

இரவு பத்து மணிக்கு மேல் ஓசூர் வட்டாரத்துச் சாலைகளில் பேருந்தில் வருகின்றவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். சுற்றிலும் ஊர் உறங்கிக் கிடக்கும். சாமந்தித் தோட்டம் மட்டும் கலியாண வீடு போல ஒளிவிடும். (தென் மாவட்டத்து நண்பர்கள் இதே பூவைச் செவ்வந்தி என்பார்கள்.) கள்வருக்கு அஞ்சி ஏற்றிய விளக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவன்று காரணம். சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். நடு இரவில் சில மணி நேரம் விளக்கை எரியவிட்டால் ஒரு நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகப் பிளந்து போகிறது. செடி ஏமாந்து, இன்னும் பூக்கும் காலம் வரவில்லை போலும் என்று இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். விளக்கை நிறுத்திய நாளிலிருந்து வகைக்கு ஏற்ப ஏழெட்டு வாரங்களோ, பத்துப் பன்னிரண்டு வாரங்களோ கழித்துப் பூ வரும். ஆயுத பூசைக்குப் பூ வேண்டுமா, பொங்கலுக்கு வேண்டுமா என்று உழவர் நாள் குறிப்பது இப்படித்தான்.

இதன் பின்னே நூறாண்டு கால அறிவியல் இருக்கிறது. பகலின் நீளம் செடி பூப்பதை ஆளுகிறது என்று அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920-இல் புகையிலைச் செடியையும் பிற செடிகளையும் கொண்டு நிறுவினார்கள். உண்மையில் செடி அளப்பது பகலை அன்று, இரவை என்று 1938-இல் ஹாம்னர், பானர் இருவரும் காட்டினார்கள். இருளின் நடுவே சிறிது நேரம் பட்ட வெளிச்சமே அந்த இரவைக் கெடுத்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இதைத் தாவரவியல் துறை நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். என் வேலை அவர்கள் நிறுத்தும் இடத்தில் தொடங்குகிறது. ‘இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை விளக்கு எரியட்டும்’ என்று தாவரவியல் நூல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வரியை நாள்தோறும் தவறாமல் நிறைவேற்றுவது யார்? உழவர் நள்ளிரவில் எழுந்து போய் அணைப்பதில்லை. சுவரில் தொங்கும் ஒரு சிறிய டைமர் அணைக்கிறது.

அந்தச் சிறிய டைமரின் தலையில் நாம் ஏற்றி வைத்திருப்பது பனங்காய். குருவியோ மிகச் சிறிது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 500 விளக்குகள் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய 60 வாட் குண்டு விளக்குகளாயின் மொத்தம் 30,000 வாட். மூன்று பேஸிலும் பிரித்தால்கூட ஒவ்வொரு பேஸிலும் 43 ஆம்பியருக்கு மேல் ஓடும். இன்று அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. மொத்தம் 4,500 வாட்டே. 230 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர். ‘ஆகா, சுமை குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்து இரண்டு டைமர்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பாதி விளக்குகளை நேரே மாட்டிவிடுகிறார்கள். டைமரின் மேல் 16 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறதே, அதில் 10 ஆம்பியர்தானே ஓடுகிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, மலிவான எல்.இ.டி. விளக்குகளில் திறன் காரணி 0.5 அளவுக்கே இருப்பதுண்டு. அப்படியானால் 10 ஆம்பியர் என்று கணக்கிட்டது உண்மையில் 20 ஆம்பியர்! வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்று பள்ளியில் படித்தோம். மாறுதிசை மின்னோட்டத்தில் அது அரை உண்மை என்பதை இரண்டாம் ஆண்டில்தான் படித்தோம். கடைக்காரர் பள்ளிப் பாடத்தோடு நின்றுவிட்டார்.

இரண்டாவது, அந்த 16 என்ற எண் எதைக் குறிக்கிறது? பல டைமர்களின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 16(4) என்று போட்டிருக்கும். அடைப்புக்குறிக்குள் உள்ள அந்த நான்கை யாரும் படிப்பதில்லை. வெறும் மின்தடைச் சுமைக்கு, அதாவது வெந்நீர்க் கருவி போன்றவற்றுக்கு 16 ஆம்பியர். சோக், மோட்டார் போன்ற தூண்டு சுமைக்கு 4 ஆம்பியர்தான் என்பது அதன் பொருள். சோடியம் விளக்கும் அதன் சோக்கும் கொண்ட பசுமைக்குடிலில் இந்த நான்குதான் கணக்கு. 600 வாட் சோடியம் விளக்கு ஒன்று, சோக்கில் வீணாகும் திறனையும் சேர்த்து ஏறத்தாழ 3 ஆம்பியர் கேட்கும். ஆகவே அந்த டைமர் நேர்மையாகத் தாங்கக்கூடியது ஒரே ஒரு விளக்கு. நான்கு விளக்குகளை மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ஒரு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே’ என்பது அவர்கள் மறுமொழி. ஒன்றும் ஆகாத நாட்களை மட்டும் எண்ணுவதற்கு அறிவியலில் இடமில்லை.

மூன்றாவது ஓட்டைதான் பெரிது. விளக்கு ஏற்றும் அந்தக் கணத்தில் ஓடும் மின்னோட்டமும், எரியும்போது ஓடும் மின்னோட்டமும் ஒன்றல்ல. குண்டு விளக்கின் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். எல்.இ.டி. விளக்கிலோ, அதன் டிரைவருக்குள் உள்ள மின்தேக்கி வெறுமையாகக் காத்திருக்கிறது. விசையைப் போட்டவுடன் அது ஒரே மூச்சில் நிரம்புகிறது. 240 வாட் அளவுள்ள ஒரு டிரைவர் அமைதியாக ஓடும்போது ஓர் ஆம்பியரைச் சற்றே தாண்டும்; போட்ட அந்தக் கணத்தில், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரம், அது 50 ஆம்பியருக்கு மேல் இழுப்பதைப் பல நிறுவனங்கள் தங்கள் தகவல் தாளிலேயே குறித்திருக்கின்றன. அத்தகைய பத்து டிரைவர்கள் ஒரே தொடுமுனையில் தொங்கினால் என்ன ஆகும்?

ரிலே என்பது என்ன என்று ஒரு வார்த்தை. ஒரு சிறிய மின்னோட்டம் சுருளைக் காந்தமாக்க, அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்க, தகட்டின் நுனியில் உள்ள வெள்ளிக் கலவைத் தொடுமுனை மற்றொரு முனையோடு சேர்ந்து பெரிய மின்னோட்டத்துக்கு வழி விடுகிறது. ஜோசப் ஹென்றி 1835-இல் செய்து காட்டிய கருத்துத்தான். டைமரின் வயிற்றுக்குள்ளும் இதுதான் இருக்கிறது. தொடுமுனைகள் சேரும்போது ஒரேயடியாகச் சேர்ந்து நின்றுவிடுவதில்லை. தரையில் போட்ட பந்து போலச் சில முறை துள்ளிய பிறகே அமைதியடைகின்றன. ஒவ்வொரு துள்ளலிலும் சிறிய மின்வில் தோன்றி வெள்ளியை ஊசிமுனை அளவு உருக்குகிறது. அந்த நேரத்தில் பார்த்து 50 ஆம்பியரும் 500 ஆம்பியரும் பாய்ந்தால் உருகிய இடம் குளிரும்போது இரு முனைகளும் ஒட்டிக்கொள்கின்றன. பற்றவைத்தது போன்ற ஒட்டு. இதன் பிறகு டைமர் ‘அணை’ என்று ஆணையிடும்; சுருள் காந்தத்தை இழக்கும்; ஒட்டிய முனையோ பிரியாது. திரையில் ஆஃப் என்று எழுதியிருக்க, விளக்கு விடிய விடிய எரியும்.

எம்.சி.பி. காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். காப்பாற்றாது. எம்.சி.பி. கம்பியைக் காப்பதற்காக வைத்தது. மில்லி செகண்டில் வந்து மறைந்த பாய்ச்சல் அதன் கண்ணில் படுவதே அரிது. அப்படிப் பட்டு அது விழுந்துவிட்டாலோ, நம்மவர்கள் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவார்கள். அத்துடன் கம்பிக்கு இருந்த காவலும் போயிற்று.

ஆகவே என் கருத்து இது: டைமர் நேரம் பார்க்கட்டும்; சுமை தூக்கும் வேலையைக் காண்டாக்டருக்குக் கொடுங்கள். மோட்டார்க் கொட்டகையில் ஸ்டார்ட்டருக்குள் ‘டக்’ என்று அடிக்கிறதே, அதே காண்டாக்டர்தான். டைமரின் சிறு தொடுமுனை காண்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கும். சிறிய காண்டாக்டரின் சுருளுக்குப் பத்து வாட் அளவுகூட வேண்டுவதில்லை. வலுவான வில்லும், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் பிரியும் தொடுமுனைகளும், மின்வில்லை அணைக்கும் அறைகளும் கொண்ட காண்டாக்டர் விளக்குகளின் முழுச் சுமையையும் தாங்கும். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஒரு சிறு அடக்கியை மாட்டினால், சுருள் அணையும்போது எழும் மின்னழுத்த உதையிலிருந்து டைமரின் முனையும் பிழைக்கும்.

காண்டாக்டர் வாங்குவதிலும் ஒரு வலை விரித்திருக்கிறது. ஒரே காண்டாக்டரின் மேல் 9 ஆம்பியர் என்றும் 25 ஆம்பியர் என்றும் இரண்டு எண்கள் இருப்பதைக் காணலாம். பன்னாட்டுத் தரத்தில் ஏ.சி.-1 என்பது மின்தடைச் சுமைக்கான வகை, அதற்கு 25. ஏ.சி.-3 என்பது மோட்டாருக்கான வகை, அதற்கு 9. விளக்குகளுக்கென்றே ஏ.சி.-5ஏ, ஏ.சி.-5பி என்று தனி வகைகள் இருக்கின்றன. முன்னது சோக் வைத்த மின்னிறக்க விளக்குக்கு, பின்னது குண்டு விளக்குக்கு. கடையில் ‘25 ஆம்பியர் காண்டாக்டர் கொடு’ என்று கேட்டால் பெரிய எண்ணைக் காட்டிச் சிறிய காண்டாக்டரைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. என்ன சுமைக்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதோடு விளக்குகளை இரண்டு மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் எரிந்த சில நொடிகளுக்குப் பின் அடுத்தது எரியுமாறு தாமத ரிலே வைத்தால், அந்தத் தொடக்கப் பாய்ச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதாது.

‘இந்தக் காலத்தில் அசையும் தொடுமுனை எதற்கு? குறைகடத்தி ரிலே இருக்கிறதே’ என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். நல்ல கருவிதான்; துள்ளலும் இல்லை, ஒட்டலும் இல்லை. ஆனால் அது அணைந்திருக்கும்போதும் சில மில்லி ஆம்பியர் கசியும். எல்.இ.டி. விளக்குகள் மங்கலாக மினுங்குவதைக் கண்டிருக்கலாம். ஓடும்போது அதன் குறுக்கே ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் நிற்கும். 20 ஆம்பியருக்கு இருபது வாட்டுக்கு மேல் வெப்பம். அலுமினியத் துடுப்பு இல்லாவிட்டால் கருகிப்போகும். கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெட்டுப்போகும். வயலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் என் பெரியப்பா மகன் சாமந்தி பயிரிடுகிறார். இரண்டாண்டுக்கு முன் ஒரு நாள் காலை, தண்ணீர் பாய்ந்த பாத்தியில் நின்றுகொண்டு உடைந்த விளக்கு ஒன்றைக் கழற்றப் போனார். டைமரில் ஆஃப். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. ஹோல்டரைத் தொட்ட கை ஒட்டிக்கொண்டது. வரப்பில் நின்ற அண்ணி ஓடிப்போய்க் கொட்டகையில் பியூஸ் கட்டையைப் பிடுங்கியதால் உயிர் தப்பியது. வலக்கையில் இரண்டு விரல்கள் வெந்து, ஆறு மாதம் அவரால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. விடுமுறையில் போனபோது, “லைட்டு எரியலை தம்பி, டைமரும் ஆஃப்ல இருந்துச்சு. அப்புறம் கரண்டு எங்கிருந்து வந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

பலகையைத் திறந்து பார்த்ததில் விடை கிடைத்தது. டைமரின் தொடுமுனை பேஸ் கம்பியில் இல்லை, நியூட்ரலில் இருந்தது. எப்போதோ மீட்டர்ப் பலகையில் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். டைமர் நியூட்ரலைத் துண்டித்ததும் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல் விளக்குகள் அணைகின்றன. ஆனால் பேஸ் கம்பியோ இரவும் பகலும் வயல் முழுவதும் உயிரோடு கிடக்கிறது. அது மட்டுமா? துண்டிக்கப்பட்ட நியூட்ரல் கம்பிக்கும் விளக்குகளின் வழியே பேஸின் மின்னழுத்தம் வந்து சேர்கிறது. டெஸ்டரை வைத்தால் இரண்டு கம்பியிலும் எரியும்! மின்சாரம் திரும்பிப் போக ஒரு வழியைத் தேடிக் காத்திருந்தது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதர் அந்த வழியாக அமைந்தார்.

இருட்டாக இருக்கிறது என்பதும் மின்சாரம் இல்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். நம் நாட்டில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணாத வீடு குறைவு. டைமர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், காண்டாக்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அவை வேலை நேரத்தைப் பார்க்கும் கருவிகளே. ஆள் கை வைக்கும் முன் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கின்ற ஒரு தனி ஐசோலேட்டர் வேண்டும். அதற்கு ஒரு பூட்டும், அந்தப் பூட்டின் சாவி விளக்கு மாற்றுகிறவரின் மடியிலும் இருக்க வேண்டும். காண்டாக்டரையும் இரு முனை கொண்டதாக வாங்கினால் கம்பி எப்படி மாறிக் கிடந்தாலும் இரண்டும் ஒருசேரப் பிரியும்.

அதற்கும் மேலே ஒரு காவல் உண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன மின்னோட்டமும் வந்த மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் எடை போடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது யாரோ ஒருவர் உடல் வழியே மண்ணுக்குப் போகிறது என்று தோன்றினால், கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கிறது. என் அண்ணன் பலகையில் அது இருந்திருந்தால் ஓர் அதிர்ச்சியோடு போயிருக்கும், விரல் வெந்திருக்காது. ‘அதெல்லாம் போட்டா சும்மா சும்மா விழும்’ என்று கம்பி கட்டியவர் சொன்னாராம். அவர் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருப்பதை மறைக்கக் கூடாது. எல்.இ.டி. டிரைவர்களில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் எர்த் கம்பிக்குச் சிறிதளவு கசியவிடுகின்றன. ஒன்று அரை மில்லி ஆம்பியர் என்றால் நாற்பதுக்கு இருபது மில்லி ஆம்பியர். மழை ஈரமும் சேர்ந்தால் ஆர்.சி.சி.பி. விழத்தான் செய்யும். அதற்கு மருந்து விளக்குகளைக் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. வைப்பது. நம்மவர் செய்வது அதைக் கழற்றி எறிவது. நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டால் திருடனுக்கல்லவா கொண்டாட்டம்!

மின்வெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாடு நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. எனினும் மழையும் காற்றும் வந்தால் கம்பி அறுந்து மின்சாரம் நிற்பது ஊர்ப்புறத்தில் புதிதன்று. சுழலும் முகப்பு வைத்த டைமர்களில் பல, மின்சாரத்தாலேயே ஓடும் கடிகாரங்கள். மின்சாரம் நின்ற நேரம் அதற்குக் காலமும் நின்றுவிடும். இரண்டு நாளில் மொத்தம் எட்டு மணி நேரம் நின்றது என்றால், இரவு பத்து முதல் இரண்டு வரை எரிய வேண்டிய விளக்கு காலை ஆறு முதல் பத்து வரை எரியும். சூரியனுக்கு விளக்குப் பிடித்த கதை! செடிக்கோ இரவு முழுவதும் குறையாத இருள். ஒரு வாரம் இதைக் கவனிக்காமல் விட்டால் போதும், தண்டு வளரும் முன்னே மொட்டு வந்துவிடும். ஆயுத பூசைக்கு என்று நாள் குறித்த பூ, கேட்பாரில்லாத நாளில் சந்தைக்கு வந்து சேரும். கடன் கொடுத்தவரிடம் போய் ‘என் டைமரின் கடிகாரம் நின்றுவிட்டது’ என்று சொல்ல முடியுமா? உள்ளே மின்கலம் வைத்து நேரத்தைக் காக்கும் டைமர்தான் நம் ஊருக்கு ஏற்றது. அந்த மின்கலமும் சில ஆண்டுகளில் செத்துப்போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மின்சாரம் திரும்பி வந்தவுடன் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் ஏறாதபடி ஒரு நிமிடத் தாமதம் வைப்பதும் நல்லது. சோடியம் விளக்கு வைத்திருப்பவர்கள், அணைந்த சூடான விளக்கு உடனே பற்றாமல் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை அறிந்து, பதறாமல் இருக்கலாம்.

கைப்பேசியிலிருந்து ஏற்றி அணைக்கும் புதிய சொருகிகளைப் பற்றி என் நண்பர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு தளியில் உள்ள விளக்கை அணைக்கலாமாம். அணைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொருகிக்குள்ளும் நகத்தளவு ரிலேதான் இருக்கிறது. ஆணை ஆகாயத்தின் வழியே வந்தது என்பதால் வெள்ளி உருகாமல் இருந்துவிடுமா? தோட்டத்தில் ஒருவர் ஹோல்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தொலைவில் ஒருவர் கைப்பேசியைத் தட்டிவிடும் கேட்டை நினைத்தால், இந்த வசதி எனக்கு அச்சத்தையே தருகிறது.

பலகையின் உள்ளே ஒரு சிறு திருகைப் பற்றியும் ஒரு கணக்கு. இறுக்காத திருகு ஒன்றில் 0.1 ஓம் மின்தடை இருந்து, 20 ஆம்பியர் ஓடினால் அங்கே பிறக்கும் வெப்பம் 40 வாட். நம் ஆய்வகத்தில் ஈயம் பற்றவைக்கும் கருவியே 25 வாட்தான்! அந்த 40 வாட் ஒரு மரப்பலகையின் மேல், நாள்தோறும் நான்கு மணி நேரம், யாரும் விழித்திராத வேளையில் காய்ந்துகொண்டிருக்கிறது. பல்லியும் எறும்பும் வேறு வெதுவெதுப்பைத் தேடிப் பலகைக்குள் குடி புகும். காண்டாக்டரின் காந்த முகப்பில் எறும்பு நசுங்கிக் கிடந்தால் அது முழுதாக மூடாமல் உறுமும். சுருள் சூடேறிக் கருகும். ஈரமும் பூச்சியும் புகாத மூடிய பெட்டியும், ஆண்டுக்கு இரு முறை மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டுத் திருகுகளை இறுக்கும் வழக்கமும் இதற்குப் போதும்.

கம்பியின் பருமனும் அப்படியே. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். நூறு மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்ப இருநூறு மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை ஓம். அந்தக் கோடியில் 15 ஆம்பியர் இழுத்தால் 22 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. டைமர் விலையைப் போலப் பல மடங்கு காண்டாக்டருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் பெட்டிக்கும் ஆகும் என்பது உண்மையே. உழவரிடம் போய் இத்தனையும் வாங்கு என்று சொல்வது பட்டணத்தான் பேச்சாக இருக்கும் என்று நம் பேராசிரியர் ஒருவரே என்னிடம் சொன்னார். நான் பணிவோடு மறுக்கிறேன். 500 விளக்கும் கம்பியும் கழியும் வாங்கியவருக்கு அந்தச் செலவில் சிறு பங்குதான் இது. நாற்றுக்கும் உரத்துக்கும் மானியம் கேட்கிறோம். ஒரு காப்புக் கருவிக்கும் சேர்த்துக் கேட்டால் என்ன? உழவர் ஏழை என்பதால் அவருக்குக் காப்பும் ஏழைத்தனமாக இருக்கலாம் என்று நாம் முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊரில் ஹோல்டர் மாட்டத் தெரிந்தவரெல்லாம் ஒயர்மேன் என்று வழக்கம் சொல்கிறது. அண்ணன் விரலைச் சுட்டது அந்த வழக்கந்தான்.

இதில் நம் கல்லூரியின் பங்கு என்ன? இயற்பியல் ஆய்வகத்தில் ரிலேயை நாம் 6 வோல்ட்டில் இயக்கிப் பார்க்கிறோம். ‘டக்’ என்ற ஓசை கேட்டதும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியேறுகிறோம். அதன் தொடுமுனை எத்தனை ஆம்பியரில் ஒட்டும், சுமையின் வகை என்ன என்ற கேள்வி தேர்வில் வருவதில்லை. ஆகவே நம் மூளையிலும் வருவதில்லை. கார்னர், அல்லார்டு பெயரைத் தாவரவியல் மாணவர் எழுதுகிறார். ஜோசப் ஹென்றி பெயரை நான் எழுதுகிறேன். இருவருக்கும் நடுவில் உள்ள அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை. நம் மாணவர்களில் பாதிப் பேர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதோ ஒரு பலகை தொங்குகிறது. கழித்துப் போட்ட ஒரு காண்டாக்டரையும், ஒட்டிப்போன ஒரு டைமரையும் அறுத்து உள்ளே காட்டினால் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். இரு துறைகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கோ போவானேன்? தாவரவியல் துறையின் திசு வளர்ப்பு அறையில் பதினாறு மணி நேரம் விளக்கு, எட்டு மணி நேரம் இருள் என்று ஒரு டைமர் ஓடுகிறது. நான்கு அடுக்கிலும் உள்ள குழல் விளக்குகள் அனைத்தும் அந்த ஒன்றின் வழியேதான் எரிகின்றன. அதன் முதுகில் உள்ள அடைப்புக்குறிக்குள் என்ன எண் இருக்கிறது என்று சென்ற வாரம் எட்டிப் பார்த்தேன்; தூசியில் தெரியவில்லை. துறைத் தலைவர் அனுமதி கொடுத்தால் வரும் சனிக்கிழமை ஆய்வக உதவியாளரோடு போய், மெயினை அணைத்துவிட்டு, அந்தப் பலகையைத் திறக்க நாங்கள் மூவர் ஆயத்தமாக இருக்கிறோம். முதலில் பார்க்கப் போவது டைமருக்குள் போவது பேஸா, நியூட்ரலா என்பதை.